ஊசி போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி



சென்ற வாரம் நம் அரங்கத்தில் எடுத்துக்கொண்ட தலைப்பு, கொவிட்-19 தடுப்பூசியின் கூடுதல் தவணை. தலைப்பை அறிவித்ததுமே ஒளிப்பதிவுக் குழுவில் இருந்த தம்பி ஒருவர், "அக்கா, இன்னுமா அதைப் பேசுறீங்க?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2023 பிப்ரவரி 13ஆம் தேதி சிங்கப்பூரில் நோய்ப் பரவல் எச்சரிக்கை நிலை பச்சைக்கு இறங்கியது. பேருந்திலும் ரயிலிலும் முகக்கவசத்தைக் கழற்றினோம். டிரேஸ்டுகெதர் கருவி எந்த மேசை இழுப்பறையில் கிடக்கிறது என்று கூட இப்போது பலருக்குத் தெரியாது.

ஆனால் கிருமி நம்மைப் போல் மறந்துவிடவில்லை. 2025 ஏப்ரல் 27 முதல் மே 3 வரையிலான ஒரே வாரத்தில் சிங்கப்பூரில் ஏறத்தாழ 14,200 பேருக்குக் கொவிட் தொற்று இருந்ததாகச் சுகாதார அமைச்சு மதிப்பிட்டது. அதற்கு முந்தைய வாரத்தில் அந்த எண்ணிக்கை 11,100. பெரும்பாலோருக்குச் சளி, இருமல், இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். எழுபது வயதைத் தாண்டியவர், நீரிழிவுக்காரர், இதய நோயாளி என்றால் மட்டும் கணக்கு வேறு. நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலானது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்.

நிகழ்ச்சியில் நான் பேசியதையும், அரங்கிலிருந்து வந்த கேள்விகளையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். ஒளிபரப்பில் நேரம் போதாமல் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன். அதற்கு முன் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் பேசுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

பெரியப்பாவின் சந்தேகம்

என் பெரியப்பா துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். 2021இல் அவருக்கு 74 வயது. இதயக் குழாயில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிடுவார். அந்த மாத்திரையை ஒரு வேளை கூடத் தவறவிட மாட்டார். அவ்வளவு ஒழுங்கானவர்.

அந்த ஆண்டு ஜூன் 2ஆம் தேதியிலிருந்து 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் முன்பதிவு இல்லாமலே தடுப்பூசி நிலையத்துக்கு நேரில் போகலாம் என்றானது. தோ பாயோவில் அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவுதான். பெரியம்மா பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுடன் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பெரியப்பா போகவில்லை. கேட்டால், "எனக்குத் தெரியும், விடு" என்பார்.

ஜூலையில் நான் தொலைக்காட்சியில் தடுப்பூசி பற்றி ஒரு நிகழ்ச்சி நடத்தினேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மக்கள் தொடர்பியல் பட்டயம் படித்தவள் நான். கேமராவைப் பார்த்துப் பேசும்போது எதிரே ஒரே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள் என்று முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அன்று அப்படியே பேசினேன். அட்டையில் எழுதியிருந்த எல்லாவற்றையும் தவறில்லாமல் சொன்னேன். பெரியப்பா பார்த்தார். "நல்லா பேசுனம்மா" என்று தொலைபேசியில் பாராட்டினார். அதற்குப் பிறகும் போகவில்லை.

அக்டோபரில் சிங்கப்பூரில் டெல்டா வகை உச்சத்துக்குப் போனது. அக்டோபர் 27ஆம் தேதி ஒரே நாளில் 5,324 பேர். அந்த வாரம்தான் பெரியப்பாவுக்கும் வந்தது. முதல் மூன்று நாள் வெறும் இருமல். நான்காம் நாள் மூச்சு வாங்கியது. மருத்துவமனைக்குப் போனவரை நாங்கள் பிறகு காணொளியில்தான் பார்த்தோம். நவம்பரில் மண்டாயில் தகனம். வர வேண்டியவர்களில் பாதிப்பேர் வர முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பெரியம்மாதான் சொன்னார். பெரியப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம். பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள், தடுப்பூசி போட்டால் இரத்தம் உறைந்துவிடுகிறதாம் என்று. வெளிநாட்டுச் செய்தியிலும் அதைப் பார்த்திருக்கிறார். இரத்தம் உறையக்கூடாது என்றுதானே ஆண்டுக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறார்? "நவம்பர்ல இதய டாக்டரப் பார்க்கும்போது கேட்டுக்கிறேன்" என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். முன்பே பார்க்க வேண்டிய மருத்துவர்தான். தொற்றுக் காலத்தில் அவசரமில்லாத சந்திப்புகளைத் தள்ளிப்போட்டார்கள், அதில் அவருடையதும் தள்ளிப்போனது.

அந்தச் சந்தேகத்துக்கு உண்மையான பதில் என்ன தெரியுமா? ஐரோப்பாவில் 2021 மார்ச், ஏப்ரல் மாதங்களில் செய்தியான அந்த அரிய வகை இரத்த உறைவு, அஸ்ட்ராஜெனகா தடுப்பூசியைப் போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கு ஏற்பட்டது. இந்தியாவில் கோவிஷீல்டு என்ற பெயரில் போட்டது அதே தடுப்பூசிதான். பட்டுக்கோட்டை உறவினர்கள் பயந்ததில் ஓர் உண்மை இருந்தது. ஆனால் சிங்கப்பூரின் தேசியத் திட்டத்தில் அந்தத் தடுப்பூசி பயன்படுத்தப்படவே இல்லை. பெரியப்பாவுக்கு இங்கே போட்டிருக்கக்கூடியது ஃபைசர் அல்லது மொடர்னா. அவர் சாப்பிட்ட மாத்திரைக்காக, ஊசி போட்ட இடத்தை வழக்கத்தைவிடச் சிறிது கூடுதல் நேரம் அழுத்திப் பிடித்திருப்பார்கள்.

இரண்டு நிமிடப் பதில். என் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் அது இல்லை. அட்டையில் அந்தக் கேள்வியே இல்லை.

எத்தனையாவது ஊசி என்று எண்ண வேண்டாம்

இப்போது விஷயத்துக்கு வருவோம். அரங்கில் இருந்த ஐயா ஒருவர் எழுந்தவுடனே கேட்டார்: "நான் நாலு போட்டாச்சு. இன்னும் எத்தனை போடச் சொல்றாங்க?"

நியாயமான கேள்வி. நாம் அப்படித்தான் எண்ணப் பழகினோம். 2020 டிசம்பர் 30ஆம் தேதி தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தில் தாதி ஒருவருக்கு முதல் ஊசி போட்டதிலிருந்து, முதல் தவணை, இரண்டாம் தவணை என்று எண்ணினோம். 2021 செப்டம்பரில் 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு பூஸ்டர் வந்தது. மறு ஆண்டு இரண்டாவது பூஸ்டர். எண்ணி எண்ணியே சலித்துப்போனோம்.

2022 அக்டோபரில் சுகாதார அமைச்சு அந்த எண்ணும் முறையையே மாற்றிவிட்டது. இது பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. குறைந்தபட்சப் பாதுகாப்புக்கான தவணைகளைப் போட்டு முடித்த பிறகு, மொத்தம் எத்தனை என்பது கேள்வியே இல்லை. கடைசியாகப் போட்டது எப்போது என்பதுதான் கேள்வி. 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், நாட்பட்ட நோயுள்ளவர்கள், முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள் ஆகியோருக்கு, கடைசி ஊசிக்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஒரு தவணை என்பது பரிந்துரை. ஐந்து மாதத்துக்கு முன்னால் வேண்டாம். ஆக, "நாலு போட்டாச்சு" என்ற ஐயாவிடம் நான் திருப்பிக் கேட்டது, "நாலாவது எந்த வருஷம்?" அவர் கொஞ்சம் யோசித்து, "2022" என்றார். அரங்கில் பலர் தங்களுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

ஏன் திரும்பப் போட வேண்டும்? இதை விளக்க நான் ஓர் உவமை சொன்னேன். இஸி-லிங்க் அட்டையில் பணம் நிரப்புவது போல, பயணம் செய்யச் செய்யக் குறையும், திரும்ப நிரப்ப வேண்டும் என்றேன். எங்களுடன் அமர்ந்திருந்த மருத்துவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். அட்டையில் பணம் தீர்ந்தால் தீர்ந்ததுதான், கதவு திறக்காது. உடம்பு அப்படி இல்லை. ஊசி போட்ட சில மாதங்களில் இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், அதனால் தொற்றுவதைத் தடுக்கும் திறன் முதலில் குறைகிறது. ஆனால் கிருமியை அடையாளம் கண்டு வைத்திருக்கும் நினைவு அணுக்கள் நெடுநாள் இருக்கும். நோய் கடுமையாகாமல் அவை காக்கும். வயதானால் அந்த அணுக்கள் விழித்து எழுவதும் மெதுவாகிறது. அதனால்தான் இளைஞர்களை விட்டுவிட்டு முதியோரை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள். என் உவமையைவிட அவருடைய விளக்கமே நன்றாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு காரணம், கிருமி சட்டையை மாற்றிக்கொண்டே இருப்பது. 2021இல் போட்ட ஊசி, வூஹானில் முதலில் தோன்றிய கிருமியை வைத்துச் செய்தது. 2022 அக்டோபரில் ஓமிக்ரானையும் சேர்த்த இருவகைத் தடுப்பூசி வந்தது. 2024 அக்டோபரில் ஜேஎன்.1 வகைக்கு ஏற்ற தடுப்பூசி இங்கே வந்தது. 2025 மே மாதம் பரவிய எல்எஃப்.7, என்பி.1.8 இரண்டும் அந்த ஜேஎன்.1இன் வாரிசுகள்தாம்.

எங்கே போவது?

இதில்தான் பலருக்குக் குழப்பம். 2021இல் சமூக மன்றங்களில் போட்டார்கள். பிறகு கூட்டுப் பரிசோதனை, தடுப்பூசி நிலையங்கள் வந்தன. அவையும் 2024 நவம்பர் இறுதியோடு மூடப்பட்டன. பழைய நிலையத்துக்கு டாக்சி பிடித்துப் போய், பூட்டியிருந்த கதவைப் பார்த்துத் திரும்பி வந்ததாக அரங்கில் ஓர் அம்மா சொன்னார். ஊசி இப்போது பலதுறை மருந்தகங்களிலும், அக்கம்பக்கத்தில் உள்ள சில தனியார் மருந்தகங்களிலும் கிடைக்கிறது. வீவக புளோக்கின் கீழே, மளிகைக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் இருக்குமே, அந்த மருந்தகங்கள்தாம். எல்லாவற்றிலும் கிடையாது. அதனால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். இல்லாவிட்டால் ஹெல்த்ஹப் செயலியில் பாருங்கள். செயலி வராது என்றால் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், அவர்கள் கைப்பேசியில் வேறென்ன உருப்படியாகச் செய்கிறார்கள்?

தொலைபேசியில் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் என் பெரியம்மாவே சாட்சி. 2021 டிசம்பரில் பூஸ்டர் போட அருகிலுள்ள ஒரு மருந்தகத்துக்கு நேராகப் போய் நின்றார். "இன்றைக்கு முடியாது, வியாழக்கிழமை வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. "வயசானவள்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்று அவர் ஒரு வாரம் யாருடனும் சரியாகப் பேசவில்லை. உண்மையில் காரணம் மிகச் சாதாரணம். அப்போது ஃபைசர் குப்பி ஒன்றில் ஆறு பேருக்கு மருந்து இருக்கும். உப்பு நீர் கலந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒருவருக்காகத் திறந்தால் மீதி ஐந்து பேருடையது குப்பைக்குப் போகும். ஆகவே ஆறு பேர் சேரும் நாளில்தான் திறப்பார்கள். முகப்பில் இருந்த பெண் இதை இரண்டு வரியில் சொல்லியிருந்தால் பெரியம்மாவின் கோபமே வந்திருக்காது. சிறிய மருந்தகத்தில் ஒருவரே தொலைபேசியும் எடுப்பார், பதிவும் செய்வார், மருந்தும் எடுத்துக்கொடுப்பார் என்பதையும் நாம் பார்க்க வேண்டும்தான். ஆனாலும் திரும்பிப் போன முதியவர் மறுபடி வருவார் என்பது நிச்சயமில்லை.

பலதுறை மருந்தகமா, அக்கம்பக்க மருந்தகமா, எது நல்லது என்றும் கேட்டார்கள். ஊசி ஒன்றுதான். ஆனால் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. உங்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஏற்கெனவே மருந்து கொடுக்கும் மருத்துவர் ஒருவர் இருந்தால், அவரிடமே இதைப் போட முடிந்தால், அங்கேயே போங்கள். உங்கள் மருந்துப் பட்டியல் அவர் கையில் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு உங்கள் உடம்பை வைத்துப் பதில் சொல்ல அவரால் முடியும். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தின் நோக்கமும் அதுதானே, ஒருவருக்கு ஒரு குடும்ப மருத்துவர் என்று. அதில் பதிந்துகொண்ட சிங்கப்பூரர்களுக்கு, தேசிய அளவில் பரிந்துரைக்கப்பட்ட சளிக்காய்ச்சல், நிமோகோக்கல் போன்ற தடுப்பூசிகள் பதிந்த மருந்தகத்தில் இலவசம். கொவிட் ஊசிக்குப் போகும் நாளிலேயே சளிக்காய்ச்சல் ஊசியும் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டையும் போடலாம், ஒரு கைக்கு ஒன்று. இரண்டு தடவை நடப்பது மிச்சம்.

கையில் எடுத்துப்போக வேண்டியது அடையாள அட்டையும், சாப்பிடும் மருந்துகளும். மருந்தின் பெயர் வாயில் நுழையாவிட்டால் உறையோடு எடுத்துப் போங்கள். பழைய தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது என்று கவலைப்பட வேண்டாம், விவரம் தேசியப் பதிவேட்டில் இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இரத்தப் பரிசோதனை போல நினைத்துக்கொண்டு வெறும் வயிற்றில் போகும் நீரிழிவுக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள், வேண்டாம். வழக்கமான மாத்திரைகளையும் நிறுத்த வேண்டாம். அன்று காய்ச்சல் அடித்தால் மட்டும் தள்ளிப்போடுங்கள்.

அரங்கில் வந்த கேள்விகள்

"2021ல எனக்கு அலர்ஜி இருக்கு, போடக்கூடாதுன்னு சொன்னாங்க. அதோட நான் விட்டுட்டேன்." இதைச் சொன்னவர் ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா. இவரைப் போல் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. தொடக்கத்தில் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள், சிகிச்சையில் இருக்கும் புற்றுநோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோரைக் காத்திருக்கச் சொன்னார்கள். போதிய தகவல் அப்போது இல்லை. தகவல் சேரச் சேர, 2021 நடுப்பகுதிக்குள் அந்த விதிகள் பெரும்பாலும் தளர்ந்துவிட்டன. "வேண்டாம்" என்று சொன்னது காதில் நின்றது. "இப்போது போடலாம்" என்று பிறகு சொன்னது எட்டவில்லை. முந்தைய தவணையில் மூச்சுத்திணறல், முகவீக்கம் என்று கடுமையாக ஏதும் வந்திருந்தால் மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். இறால் சாப்பிட்டால் தடிப்பு வரும் என்பதெல்லாம் வேறு. எதுவாக இருந்தாலும் முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், நான்கு ஆண்டுக்கு முன் கேட்ட ஒரு வாக்கியம் அல்ல.

"அதுல பன்றி, மாடு ஏதாவது கலந்திருக்கா?" இதைக் கேட்டவர் தாழ்ந்த குரலில்தான் கேட்டார். கேட்டதற்கு நன்றி சொன்னேன். ஃபைசர், மொடர்னா இரண்டிலும் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இல்லை, முட்டையும் இல்லை. சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றம் 2020 டிசம்பரிலேயே முஸ்லிம்கள் இந்தத் தடுப்பூசியைப் போடலாம் என்று அறிவித்தது.

"மரபணுவை மாத்திடுமா?" இதற்கு மருத்துவர் பதில் சொன்னார். ஊசியில் போவது எம்ஆர்என்ஏ என்னும் ஒரு செய்திச் சீட்டு. கிருமியின் மேல் இருக்கும் முள் போன்ற புரதத்தைச் செய்து பார் என்று அது அணுவிடம் சொல்லும். உடம்பு அந்தப் புரதத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். மரபணு இருக்கும் அணுக்கருவுக்குள் சீட்டு நுழையாது, சில நாட்களில் சிதைந்துபோகும். இந்த வழியைத் திறந்த ஆய்வுக்காகத்தான் கட்டலின் கரிக்கோவுக்கும் டுரூ வைஸ்மனுக்கும் 2023ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு கொடுத்தார்கள்.

இளைஞர் ஒருவர் சற்றுக் கடுமையாகவே கேட்டார். "இதயத்தைப் பாதிக்குதுன்னு செய்தி வந்துச்சே, அதை ஏன் நீங்க பேச மாட்டேங்கிறீங்க?"

பேசத்தான் வேண்டும். எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்குப் பிறகு இதயத் தசையில் அழற்சி ஏற்படுவது அரிதாக நடந்திருக்கிறது, பெரும்பாலும் பதின்ம வயதுப் பையன்களுக்கும் இளம் ஆண்களுக்கும். 2021 ஜூலையில் இங்கே 16 வயதுப் பையன் ஒருவன் முதல் ஊசி போட்ட சில நாளில் பளுதூக்கிப் பயிற்சி செய்துவிட்டு மயங்கி விழுந்தான். ஊசியால் வந்த கடுமையான இதயத் தசை அழற்சியாக இருக்கக்கூடும் என்று சுகாதார அமைச்சே வெளிப்படையாகச் சொல்லி, நிதியுதவித் திட்டத்தின்கீழ் 225,000 வெள்ளி கொடுத்தது. கடினமான உடற்பயிற்சியைத் தவிர்க்கச் சொன்னதும் இதனால்தான். முதலில் ஒரு வாரம் என்றார்கள், 2022 ஜனவரியில் இரண்டு வாரம் ஆக்கினார்கள். இதை மறைத்தால் நம் மேல் யாருக்கும் நம்பிக்கை இருக்காது. அதே நேரத்தில் கொவிட் நோயும் இதயத்தைத் தாக்கும் என்பதைத் தராசின் இன்னொரு தட்டில் வைக்க வேண்டும். எழுபது வயதுக்காரருக்குத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகமில்லை. ஆரோக்கியமான இருபது வயதுக்காரரை யாரும் ஆண்டுதோறும் கூப்பிடவில்லை என்பதையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். தலையாட்டினார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது.

ஊசிக்குப் பிறகு கை வலி, உடம்பு அசதி, இலேசான காய்ச்சல் எல்லாம் ஒன்றிரண்டு நாள் இருக்கும், பனடோல் போதும். நெஞ்சு வலி, மூச்சு முட்டுதல், படபடப்பு, முகம் வீங்குதல் என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். 995ஐ அழையுங்கள்.

பெரியம்மாவுடன் ஒரு காலை

2025 ஜூனில் பெரியம்மாவை நானே அழைத்துப் போனேன். அவருக்கு இப்போது 77 வயது, சர்க்கரையும் உண்டு. கடைசி ஊசி 2022 நவம்பரில். "நாலு போட்டாச்சே" என்று அவரும் ஆரம்பித்தார். இந்த முறை நான் விளக்கவில்லை. "டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். காப்பி குடித்து முடிப்பதற்குள் மூன்று கேள்வி வந்துவிட்டது. சர்க்கரை ஏறுமா? போன தடவை கை மூன்று நாள் தூக்க முடியவில்லை, இந்தத் தடவை இடக்கையில் போடலாமா? மூன்றாவதைத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவருக்கு இருந்த மாதிரி எனக்கும் இதயத்துல ஏதாவது இருந்தா?"

தமிழில் எழுதியதை நான் ஆங்கிலத்தில் கீழே எழுதிக்கொண்டேன். மருத்துவர் சீனர். தாளை வாங்கி மூன்றையும் படித்தார். காய்ச்சல் வந்தால் சர்க்கரை ஒன்றிரண்டு நாள் ஏற இறங்க இருக்கலாம், வீட்டில் சோதித்துப் பாருங்கள் என்றார். இடக்கையில் தாராளமாகப் போடலாம். மூன்றாவது கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வைத்துப் பார்த்தார், பழைய இசிஜி முடிவைக் கணினியில் தேடினார், கால் வீங்குகிறதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று விசாரித்தார். பிறகுதான், "இப்போது பயப்பட ஒன்றுமில்லை. இதய நோய் இருந்தாலும் இந்த ஊசியைப் போடத்தான் சொல்வோம், அவர்களுக்குத்தான் கொவிட் வந்தால் ஆபத்து அதிகம்" என்றார். நான் தமிழில் சொன்னேன். பெரியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப அவரும் போட்டிருக்கலாம்" என்றார். மருத்துவர் என்னைப் பார்த்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஊசி போட்ட தாதி மலாய்க்காரர். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் சந்தை மலாய் நன்றாக வரும். "சாக்கிட் கா?" என்று இவர் கேட்க, "தா சாக்கிட், மக்சிக்" என்று அவர் சிரிக்க, பேச்சு மலாயிலேயே போய் ஊசி போட்டதே தெரியவில்லை. மொழி தெரிந்தவர் மருந்தகத்தில் இல்லையென்றால், வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போங்கள். முடியாவிட்டால் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். பெரியவர்கள் மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் கேட்க வந்ததை மறந்துவிடுகிறார்கள், அல்லது அவருக்குத் தொந்தரவு என்று விட்டுவிடுகிறார்கள். தாளில் இருந்தால் மறக்காது.

தாதி சொன்ன நேரம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, கீழே காப்பிக்கடையில் சர்க்கரை இல்லாத தேநீர் குடித்தோம். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா தினசரி நாட்காட்டியை எடுத்தார். அடுத்த ஆண்டு ஜூன் அதில் இல்லையே. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பினார். பெரியப்பா கையெழுத்தில் பழைய மருத்துவச் சந்திப்புத் தேதிகள் எழுதிய இன்னோர் அட்டையும் அதே ஆணியில்தான் தொங்குகிறது, கழற்ற அவருக்கு மனமில்லை. தன்னுடையதில் "2026 ஜூன், ஊசி" என்று எழுதி, திரும்ப மாட்டிவைத்தார்.